சோப்புப் போடச் சொன்னது நான்தான்

ஆண்டவர் துணை

கிழக்குத் தாம்பரம்,
சென்னை-59.
8-10-95, ஞாயிறு

அன்பு மகள் கிருபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஆனந்தனும் ஆண்டவர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ரியாத்தில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு நாளாக மழை பிடித்துக்கொண்டது, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது, முழங்கால் வலி என்று பூசைக்கு ஆட்டோவில் போகிறவள் பூச்சியைக் கண்டால் மட்டும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். டெலிபோனுக்கு எழுதிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் வந்தபாடில்லை, அவசரத்துக்கு முனையில் இருக்கும் எஸ்.டி.டி. பூத் நம்பர்தான். ஆனந்தன் கல்யாணம் ஜனவரி 22, திங்கட்கிழமை என்று முடிவாகிவிட்டது. பெண் கூடுவாஞ்சேரி, பெயர் ரெஜினா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உன் தம்பி இதுவரை யாருக்கும் பயந்ததில்லை, இனிமேல் பயப்படுவான் என்று நினைக்கிறேன்.

நீ அம்மாவுக்குப் போட்ட கடிதம் போன வாரம் வந்தது. கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமோ தெரியாது, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை அப்படியே நம்பி உன் ஆஸ்பத்திரிக்காரர்களை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். நான் திட்டவில்லை. அதே கடிதத்தில் இரண்டு வரி தள்ளி, கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டிருந்தாயே, அதை நான் நாலைந்து தடவை படித்தேன். லீவு கிடைக்காதவளுக்கு யார் வந்தால் என்ன. நீ வர மாட்டேன் என்கிறாய், ஏன் என்று அம்மாவுக்குப் பாதி தெரியும், எனக்கு முழுதும் தெரியும். அதனால்தான் மூன்றரை வருஷம் கழித்து உனக்கு நானே எழுதுகிறேன். இத்தனை நாளும் உன் கடிதங்களில் கடைசியில் அப்பாவுக்கு என் அன்பு என்று ஒரு வரி இருக்கும், அம்மா அதை உரக்கப் படிப்பாள், நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உம் என்பேன். அவ்வளவுதான் நமக்குள் பேச்சு.

ஆகஸ்டில் ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் குரோம்பேட்டை தோல் கம்பெனியில் என்னை டில்லிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய வியாபாரி சாம்பிள் தோல்களைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்பான், பதில் சொல்ல, தோலைப் பதப்படுத்துகிற டிரம் மேஸ்திரியே வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பகல் விமானம். இத்தனை வருஷமும் தலைக்கு மேலே பறக்கிற விமானத்தைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்டவன் முதல்முறையாக உள்ளே ஏறினேன். ஏறிய கொஞ்ச நேரத்தில், டில்லிக்காரன் முன்னால் பளிச்சென்று போய் நிற்க வேண்டும் என்று பாத்ரூமுக்குள் போய் சோப்புப் போட்டு அழுத்தி முகம் கழுவினேன். இறங்குவதற்கு முன்னால் இன்னொரு தடவை கழுவினேன். சீட்டில் வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கிறேன், கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. உதட்டோரம் எரிகிறது. கையால் முகத்தைத் தடவிப் பார்த்தேன். எனக்கு அந்தத் தோல் தெரியும் கிருபா. இருபத்தெட்டு வருஷமாகத் தொட்டுப் பார்க்கிற தோல் அது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து, இருக்கிற கொழுப்பெல்லாம் போகக் கழுவி, திரும்ப எண்ணெய் கொடுக்க மறந்து காயப்போட்ட தோல். மடக்கினால் அப்பளம் மாதிரி வெடிக்கும். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன், கழுவத் தெரிந்தவனுக்கு எண்ணெய் கொடுக்கத் தெரியாதா என்று. பக்கத்து சீட்டில் கேசவன் என்று ஒருவர், மருந்து கம்பெனிக்காரர், மாதம் நாலு தடவை பறக்கிறவர். நான் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டு அவர்தான் சொன்னார், விமானத்துக்குள் இருக்கிற காற்றில் ஈரமே கிடையாது சார், சும்மா உட்கார்ந்திருந்தாலே தோலில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், நீங்கள் சோப்பு வேறு போட்டால் கேட்க வேண்டுமா என்று. அதன் பிறகு அவர் என்னென்னவோ பேசினார், என் காதில் விழவில்லை. எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் நீ மூன்று வாரம் லீவில் வந்தாய். வந்த மறுநாளே படப்பையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஏற்பாடு. நீ கிளம்பும் முன்பே நான் உனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன், அதில் ஒரு பக்கம் முழுக்க இதுதான். விமானத்தில் எண்ணெய் வழிந்த முகத்தோடு உட்கார்ந்திருக்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவு, நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி ஆம்பிளைகளைத் தாண்டிக்கொண்டு எழுந்து போகாதே, இறங்குவதற்கு முன்னால் பவுடர் போட்டுக்கொள். கழுவுவதற்கு எழுந்து போ, தண்ணீர் குடித்து எழுந்து போகாதே, இது என்ன புத்தி என்று இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது, சிரிக்கத்தான் முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்கு வறண்ட தோல், மார்கழி வந்தால் காலெல்லாம் வெள்ளை பூத்துவிடும், அது எனக்குத் தெரியாதா. ரியாத்திலிருந்து பம்பாய், அங்கே காத்திருந்து இன்னொரு விமானம், மீனம்பாக்கத்தில் நீ வெளியே வரும்போது கன்னம் இரண்டும் சிவந்து, நெற்றி உரிந்து, வாயோரம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அம்மா பயந்துபோய் கடலை மாவும் மஞ்சளும் குழைத்துப் போட்டாள், அது இருந்த கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொண்டது. மறுநாள் படப்பைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா உன்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் கேட்டது இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா இது, தோல் வியாதியா கீது? அப்பன் தோல் கம்பெனில கீறாரே, அங்கேர்ந்து ஒட்டிகினு வந்துச்சா?"

டாக்டரிடம் காட்டி ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கித் தரச் சொன்னாள். அந்த இடத்தில் நான் எழுந்து நின்று, வெளியே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, நாளைக்கே வாங்கித் தந்துவிடுகிறேன் அம்மா என்று. மறுநாள் காலையில் உன்னை இழுத்துக்கொண்டு போய் தோல் டாக்டர் வாசலில் வரிசையில் நிற்க வைத்தேன். எட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நீ, எத்தனை பேருடைய புண்ணைத் துடைத்துக் கட்டியவள், உன் முகத்தில் வியாதி இல்லை என்று ஒரு சீட்டுக்காக முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வெறும் வறட்சி, வாஸ்லின் தடவினால் நாலு நாளில் போய்விடும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"நீங்க எழுதினதைத்தான்ப்பா செஞ்சேன்."

நான் வாயை மூடு என்றேன். பஸ் முழுக்க நம்மைத் திரும்பிப் பார்த்தது. நாலு நாளில் முகம் தேறியது, சீட்டையும் பார்த்துவிட்டுப் படப்பைக்காரர்கள் சரி என்றார்கள், நீ முடியாது என்றாய். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று குதித்தேன். நீ திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்துக்கு வந்தும் ஆட்டோவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், நீ குனிந்து போய்ட்டு வரேன்ப்பா என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டில்லி விமானத்தில் என் கன்னத்தில் கை வைத்தபோதுதான் இதெல்லாம் யாருடைய வேலை என்று எனக்கு விளங்கியது. ஊரில் இருக்கிற ஆட்டுத் தோலுக்கெல்லாம் எண்ணெய் கொடுக்கத் தெரிந்தவன், பெற்ற மகளுக்கு மட்டும் கழுவு கழுவு என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது நான் எழுதுவதைக் கேட்பாயா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜனவரியில் அங்கே குளிர் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய், குளிரில் தோல் இன்னும் வறளும். கிளம்புகிற அன்று குளித்துவிட்டு ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ முகம், கழுத்து, கை, முட்டி, குதிகால் எல்லாம் தடவிக்கொள். விமானத்தில் சோப்பைத் தொடவே தொடாதே, முகம் கசகசத்தால் கைக்குட்டையை நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு உடனே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொள், காய விடாதே. உதட்டை நாக்கால் நனைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அது இன்னும் வெடிக்க வைக்கும், சின்ன வாஸ்லின் டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போட்டுவிட்டால் அது உனக்கு முன்னால் போய்விடும். காபி வேண்டாம், தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடி. தண்ணீர் கொண்டுவருகிற பணிப்பெண் முகம் சுளித்தாலும் கேள், பக்கத்தில் இருப்பவர் பத்து தடவை எழுந்து வழிவிடட்டும், அவர்கள் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. ஜன்னல் சீட் என்றால் வெயில் வரும்போது மூடியை இறக்கிவிடு, அவ்வளவு உயரத்தில் வெயில் கடுமையாக இருக்குமாம், கேசவன் சொன்னார். பவுடர் வேண்டவே வேண்டாம். வழியட்டும் எண்ணெய், வழிந்தால் என்ன.

நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்துக்கு ரெஜினா வீட்டார், என் கம்பெனி ஆட்கள், அம்மாவின் சொந்தம், அவ்வளவுதான் வருகிறார்கள். அக்கா இருக்கும்போது தம்பிக்குக் கல்யாணமா என்று நாலு பேர் கேட்கத்தான் செய்கிறார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை சுந்தர்சிங் சார் வந்தார், அன்றைக்குப் படப்பை சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான், நினைவிருக்கும். கிருபா கல்யாணத்துக்கு வரும்போது கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தை விருந்தாளி மாதிரி வரச் சொல்கிறேன், தூரத்திலிருந்து சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் ஆசை. நான் சொன்னதை அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நானே எழுதுகிறேன்.

"என் பொண்ணு தம்பி கல்யாணத்துக்கு வரா சார். அவளைப் பார்க்கறதுக்குன்னு ஒருத்தரும் வரக்கூடாது. வந்தா நானே வாசல்ல நின்னு அனுப்பிடுவேன்."

அவர் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, எனக்கும் பழகிவிட்டது. உனக்குக் கல்யாணம் வேண்டும் என்றால் நீ சொல், வேண்டாம் என்றால் வேண்டாம், முப்பத்தோரு வயதுக்காரிக்கு நான் சொல்லித் தர என்ன இருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது, இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடாதது அதுதான். விமானத்தில் சோப்பு ஆகாது என்று எனக்குத்தான் தெரியாது. நீ நர்ஸ், உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். முதல் தடவை கழுவும்போதே எரிந்திருக்கும், இரண்டாவது தடவை வெடித்திருக்கும், அதற்குப் பிறகும் அப்பா எழுதியிருக்கிறார் என்று எழுந்து போய்க் கழுவியிருக்கிறாய். தெரிந்தும் செய்தாய். அதைத்தான் பஸ்ஸில் சொன்னாய், குற்றம் சொல்கிறாய் என்று நினைத்து நான் வாயை அடைத்தேன். தப்பு என்னுடையது கிருபா. அன்றைக்குச் செய்ததும் தப்பு, அதற்கப்புறம் மூன்றரை வருஷம் வாய் திறக்காமல் இருந்தது அதைவிடத் தப்பு. அப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது, நான் கேட்கிறேன்.

ஆனந்தன் உன்னை டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவைக்கச் சொன்னான், பொங்கல் சமயம் கூட்டமாம், தள்ளிப் போடாதே. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். ஆண்டவரும் மாதாவும் உன் போக்கிலும் வரத்திலும் கூடவே இருக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். நீ எந்த முகத்தோடு வந்தாலும் சரி, மீனம்பாக்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி, கம்பிக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். பதிலில் வருகிறேன் என்று மட்டும் எழுது, போதும். மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். அதை நான் உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சவுரிமுத்து