கராஜில் நின்று ஜெயித்த அப்பா

சனிக்கிழமை, இரவு

ஆலன் நகரப் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: அப்பா படித்த கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி இன்று கடைசி உதையில் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தவன் அடியேன்.

பாதி ஆட்டத்தில் அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்து சோடா எடுக்க கராஜுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து எங்கள் அணி டச்டவுன் போட்டு ஆறு பாயின்ட் எடுத்தது. "அப்பா, நீங்க பாத்தாதான் தோக்குறாங்க. அங்கேயே இருங்க!" என்று சும்மா கொளுத்திப் போட்டேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதர், நம்பிவிட்டார். அவருக்கு ராஜயோகம் இல்லை, கராஜ் யோகம்தான். காருக்குப் பக்கத்தில் நின்றபடி, "டேய், என்னடா ஆச்சு?" என்று கடைசிவரை கத்திக்கொண்டே இருந்தார்.

ஜெயித்ததும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பாத்தியாடா, நான் வெளிய நின்னதாலதான்! அடுத்த வாரமும் அங்கதான் நிப்பேன்."

தூக்கம் வரவில்லை. எல்லாம் கதை என்று நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? அந்தக் கடைசி உதையையாவது அவர் பார்க்கட்டும் என்று கூப்பிடத்தான் போனேன். கராஜ் கதவில் கையும் வைத்துவிட்டேன். ஒருவேளை நிஜமாகவே தோற்றுவிட்டால்?

கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.