சூசையிடம் தனியாகப் பேசினேன்

1961 செப்டம்பர் 17, ஞாயிறு

கொக்கோ காயப்போடும் கொட்டகை எரிந்தது என் சிநேகிதன் சூசை போட்ட பீடியால்தான். நான் பார்த்தேன். அவனோ காவல்காரர் முருகையா மேல் பழி போட்டுவிட்டான். குடும்பத்தோடு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் அவரை.

தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் பேசு என்றுதானே இயேசு சொன்னார்? பூசை முடிந்ததும் சூசையைக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"நீதான்டா. எனக்குத் தெரியும்."

"காட்டிக் குடுக்கப் போறியா?"

"நீயே தொரைகிட்ட சொல்லு. நானும் கூட வர்றேன்."

இனி என் மூஞ்சியில முழிக்காதே என்று போய்விட்டான். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவனே வந்து, "வா, போவோம்" என்றான். தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னான். முருகையா போக வேண்டியதில்லை என்று துரை சொல்லிவிட்டார். சூசையின் வேலை என்னாகுமோ, நாளைக்குத்தான் தெரியும்.

இறங்கி வரும்போது, "இப்பதான்டா மூச்சு வருது" என்றான். எனக்கும்தான்.