இடுக்கியில் ஒட்டிய நடு வால்

அன்பு மாறாத பாவா,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு நம் ஓடைக்கு ஒரு நிபுணர் வந்தார். தொப்பி, கையுறை, சட்டைப் பையில் நான்கு பேனா. கே.ஜி.கண்டிகைக்குக் குடிதண்ணீர் எடுக்கலாமா என்று பார்க்க வந்தவருக்கு, பேன்ட் நனையுமே என்பதுதான் கவலை. இவர்களுக்குத்தான் ஜீப்பும் கொடுக்கிறார்கள்.

கல்லைப் புரட்டி ஓர் இளம்பூச்சியை இடுக்கியால் தூக்கினார். இரண்டு வால். "ஸ்டோன்ஃப்ளை" என்றார். அது அழுக்கில் பிழைக்காது, ஆகவே தண்ணீர் சுத்தம் என்று அங்கேயே எழுதிவிட்டார். மேலே கோழிப்பண்ணை இருப்பது கண்ணில் படவில்லை. கழுத்தில் லென்ஸ் தொங்கியது, அலங்காரத்துக்குப் போலிருக்கிறது.

நான் வாங்கிப் பார்த்தேன். ஸ்டோன்ஃப்ளைக்குக் காலின் நுனியில் இரண்டு நகம் இருக்கும், இதற்கு ஒன்றுதான். செவுள் கால் இடுக்கில் இல்லை, வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக இருந்தது. மூன்று வால் உள்ள மேஃப்ளை என்ற வேறு பூச்சி அது. இதில் சில அழுக்கையும் தாங்கும். நடு வால் அவருடைய இடுக்கியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

சொன்னேன். சிரித்தார். "உங்க காலேஜ் லேப்ல இருக்கிற பாட்டிலப் பாத்துட்டுத்தான் மேடம் வந்தேன். இதே ஓடை, இதே பூச்சி, ஸ்டோன்ஃப்ளைன்னு சீட்டு. உங்க கையெழுத்துதான?"

அந்தப் பாட்டில் பூச்சியைப் பிடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா பாவா? வலை தூக்க வந்த நீங்கள், மோட்டார் காயிலைப் பார்க்கும் லென்ஸை அதன்மேல் வைத்தீர்கள். "வாலயே பாத்துகினு கீறியே கோமதி, அது உடைஞ்சி போற சாமான். கால்ல ஒரு கொக்கிதான் கீது பாரு."

"மோட்டார் ரிப்பேர் பண்றவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு பாவா?" என்றேன். நீங்கள் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

இன்று அந்தப் பாட்டிலைத் திறந்தேன். ஒரே நகம். அடியில் உடைந்த வால், நூல் மாதிரி. இத்தனை வருடம் இதைக் காட்டித்தான் பாடம் நடத்தினேன். அந்தத் தொப்பிக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நீங்கள் ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை?

அக்காவிடம் உங்கள் லென்ஸைக் கேட்டேன். "அவரு இருந்தப்ப சொன்னா கேக்க மாட்ட, இப்ப அவரு கண்ணாடி மட்டும் வேணுமா?" என்றாள்.

"ஆங், வேணும்க்கா."

நாளை கண்டிகையில் தண்ணீர் பற்றிக் கூட்டம். நிபுணர் வாய் திறப்பதற்கு முன் நான் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்வேன். பாட்டிலில் புதுச் சீட்டு ஒட்டிவிட்டேன். பூச்சியை அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

உங்கள் பேச்சைக் கேட்காத மச்சினி,
கோமதி