டொக்டர் சொன்னதில் பாதி

கொழும்பு, 1999

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீங்க. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடித்து, ஆசுப்பத்திரிக்கும் போய் இப்போதுதான் அறைக்கு வந்தேன். நீங்களும் என் சின்னமகளும் சுகந்தானே? அப்பா வழக்கம்போல் பகிடியோடுதான் இருக்கிறார்.

அப்பாவின் இதயக்குழாய் அடைப்பைத் திறப்பது பற்றி இன்று டொக்டர் சிங்களத்தில் நெடுநேரம் விளக்கினார். நான் தமிழில், "எல்லாம் நல்லா வருமாம் அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"இந்த ரெண்டு சொல்லையா மனே அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர்?" என்று கேட்டார் அப்பா.

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். அநேகம் பேருக்கு நன்றாகத் திறபடும். சிலருக்குத் திரும்ப அடைக்கும். குழாயைப் படம்பிடித்துப் பார்க்க ஏற்றும் மருந்து சிலரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"நான் எந்தப் பக்கமெண்டு முன்னமே சொல்ல ஏலாதாமா?"

வயது, சீனி வருத்தம், குடித்த மருந்துகள் எல்லாம் தெரிந்தால் ஓரளவு சொல்லலாமாம். அப்போதுதான் கால்நோவுக்கு நாட்டுவைத்தியம் செய்யும் பரிசாரி கொடுத்த குளிசையைப் பற்றி அப்பா வாய் திறந்தார். என்ன குளிசை என்று கேட்டால், "கொம்மாட்டக் கேள்" என்கிறார்.

கரடியனாற்றுப் பரிசாரியிடம் அதில் என்ன சேர்த்தவர் என்று விசாரியுங்க. அது தெரியாமல் டொக்டர் நாள் குறிக்கமாட்டார். பிள்ளை என்னைத் தேடி அழுதால் எழுதவேண்டாம், சிரித்தால் எழுதுங்க. இராணுவம் பாதையைப் பூட்டுமுன், இதைக் கொண்டுவரும் அருளப்பு அண்ணனிடமே பதிலைக் கொடுத்துவிடுங்க, அம்மா. கெதியாக எழுதுங்க.

மகள்,
வனிதமலர்