புறா நிற லாட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினேழு லாட் பார்த்தேன். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணி மொத்தமும் ஒரு லாட். பதினைந்துக்குக் கையெழுத்துப் போட்டேன், இரண்டைத் திருப்பி அனுப்பினேன். இரண்டும் புது மாஸ்டர் போட்ட சாயம். மனுஷன் துணியைத் தொட்டியில் இறக்கிவிட்டு போனில் பேசப் போய்விடுகிறார்.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், மேஜை, என் கோட்டு எல்லாம் சாம்பல் நிறம். நிறம் பார்க்கிறவள் மேல் நிறம் இருக்கக் கூடாது. நகத்துக்குப் பூச்சுப் பூசி இருபத்தாறு வருஷம் ஆகிறது. நடுவில் விளக்குப் பெட்டி. ஒரு பொத்தானை அமுக்கினால் பகல், இன்னொன்றுக்குக் கடை வெளிச்சம், மூன்றாவதற்கு வீட்டு மஞ்சள் பல்பு. மூன்றிலும் மாதிரித் துணியோடு ஒத்துப்போனால்தான் என் கையெழுத்து. நிறம் பார்க்க மெஷின் வாங்கலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் மேனேஜர், "அதான் நம்ம கழுகு இருக்காங்களே" என்பார். கழுகு நான்தான்.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். பழைய மாஸ்டர் போய் ஏழு மாதம் ஆகிறது.

மார்ச் 5, புதன்

கண் டாக்டர். வெயிலில் எதிரே வருகிறவர் முகம் கரைந்துபோகிறது என்று போன வருஷமே போயிருக்க வேண்டும். கண்புரை, இரண்டிலும். வலது முத்திவிட்டதாம்.

"நான் நிறம் பாக்கற வேலைல இருக்கேன் டாக்டர்," என்றேன்.

"இன்னுமா?" என்றார்.

சுருக்கென்று வந்தது. கண்ணைப் பற்றி டாக்டருக்குத் தெரியும், நிறத்தைப் பற்றி என்ன தெரியும்? இன்றைக்கு மத்தியானம்கூட இரண்டு பழுப்புக்கு நடுவில் முடி இழை அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் இருந்து போன். "ஆபரேஷனுக்குக் கூட யார் வருவாங்க?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தங்கை இருப்பது கடல் தாண்டி. நேற்றும் "பாத்துக்கோ அக்கா" என்றுதான் சொன்னாள். யாரைப் பார்த்துக்கொள்வது?

முதலில் நினைவுக்கு வந்தவர் பழைய மாஸ்டர். பதினெட்டு வருஷம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஆள். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நினைத்த உடனே கோபமும் வந்தது.

போன ஆகஸ்டில் ஒரு புறா நிற லாட். பார்த்தேன், மாதிரியோடு அச்சாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் வாங்கினவர்கள் திருப்பி அனுப்பினார்கள், துணி ஊதா அடிக்கிறது என்று. நான் பார்த்தது ஊதா இல்லை. அப்படியானால் எனக்குப் பிறகு துணியை யாரோ மாற்றியிருக்க வேண்டும். எனக்குப் பிறகு துணி இருப்பது மாஸ்டர் கையில்.

விசாரணையில் அதைத்தான் சொன்னேன். நான் பாஸ் பண்ணின லாட்டை மறுபடி தொட்டியில் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு, இரண்டு மூன்று தடவை கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன். பொய்யில்லை, பார்த்தேன். பாஸ் பண்ணும்போது ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி உறையில் போட்டு வைப்பேன்; அந்தத் துண்டை மேனேஜர் தன் அறை விளக்கில் பிடித்துப் பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்றார். மாஸ்டர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "வெளியில வெயில்ல வெச்சுப் பாருங்க சார்." வெயில் மணிக்கொரு நிறம் காட்டும், பெட்டி மாறாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேசவே இல்லை. துணி மாற்றினவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போனார்.

பதினெட்டு வருஷம் பழகி என்ன, இப்படிச் செய்தாரே.

மார்ச் 12, புதன்

வலது கண் முடிந்தது. கூட வந்தவர் டாக்சிக்காரர். நர்ஸ் உறவு என்ன என்று கேட்டதும் அசராமல், "தம்பி" என்றார். அதற்கென்று வாடகையில் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 13, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். நர்ஸின் உடுப்பு வெள்ளை. எழுதினால் சிரிப்பாக இருக்கிறது. வெள்ளை வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து குளியலறை வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது பச்சை இல்லை, நீலம். யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாளி நீலம் என்று யாருக்குப் போன் பண்ணுவது?

மார்ச் 24, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பெட்டியில் பகல் விளக்கு கெட்டுவிட்டது. எல்லாத் துணியும் நீலம் தூக்கி நிற்கிறது. நான் இல்லாத நாளில் எவனோ மலிவு விளக்கைப் போட்டிருக்கிறான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

மார்ச் 25, செவ்வாய்

புது விளக்குப் போட்டாயிற்று. அப்படியேதான் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பழைய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல ஒரு குறையும் இல்ல மேடம், நீங்க இல்லாதப்ப யாரும் இந்த அறைக்குள்ள வரல," என்றார்.

அவர் போனபிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தேன். மறுபடி இடது.

இடது கண்ணுக்குள் ஒரு மஞ்சள் பல்பு எரிகிறது. வலதிலும் இத்தனை நாள் அதுதான் எரிந்திருக்கிறது. பகல் பொத்தானை அமுக்கினாலும் கடைப் பொத்தானை அமுக்கினாலும் நான் பார்த்தது அந்த ஒரே பல்பு வெளிச்சத்தில்தான். நீலமும் ஊதாவும் அதைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளானதால் எனக்குத் தெரியவில்லை. கூட ஒருத்தர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களோ, இந்தப் புடவை இந்த நிறம் இல்லை என்று?

மார்ச் 26, புதன்

உறையை எடுத்தேன். ஆகஸ்ட், புறா நிறம், என் கையெழுத்து, நான் வெட்டி வைத்த துண்டு. இடது கண்ணுக்கு மாதிரியோடு அச்சாக ஒத்துப்போகிறது. வலது கண்ணுக்கு ஊதா.

மேனேஜர் அறையில் இருப்பதும் மஞ்சள் விளக்குதான்.

அவர் மாத்தல. ஒண்ணுமே மாத்தல. நான் பாஸ் பண்ணினதுதான் அது. நான்தான் பாவி, அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து சொன்னேனே.

பிற்பகல் முழுக்க இரண்டு வருஷத்து உறைகளை எடுத்துப் பார்த்தேன். பதினொரு துண்டு தப்பு, எல்லாம் ஆகஸ்ட் வரைக்கும் உள்ளவை; அதற்குப் பிறகு வந்த ஆர்டர் எல்லாம் பழுப்பும் சிவப்பும். ஆனால் திரும்பி வந்தது ஒரே ஒரு லாட். மற்ற பத்தும் எப்படிச் சரியாகப் போயின?

மார்ச் 28, வெள்ளி

எப்படி என்று தெரியும். புதன்கிழமையே தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. பாஸ் ஆன லாட்டை மறுபடி தொட்டியில் போடுகிற பழக்கம்.

மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஏழு மாசம் ஆச்சு. இப்பக் கிளறினா ரெண்டு வருஷத்து லாட் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்களுக்கும் ரிட்டயராக ரெண்டு வருஷந்தான் இருக்கு. கண்ணு சரியாயிருச்சுல்ல, விடுங்க."

விடலாம். யாருக்கும் தெரியாது. இதைப் பார்க்கக்கூடிய கண் அந்தக் கட்டடத்தில் என் ஒரு கண்தான். விட்டால் அந்த அறை என்னுடையது, விடாவிட்டால் எனக்கு வீடு மட்டும்தான். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கண்ணு போகுதுன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அந்த அம்மாவுக்கு வேலை போயிரும், வேற என்ன இருக்கு அவங்களுக்குன்னுவார். நீங்க கையெழுத்துப் போட்டதை எல்லாம் வெளியில எடுத்துட்டுப் போய் வெளிச்சத்துல பாத்துட்டு, சரியில்லாததை மறுபடி சாயத்துல போட்டு அனுப்புவார். அந்த ஒரு நாள் லாரி வாசல்ல நின்னுது. நேரமில்ல. உங்ககிட்ட வந்து கேட்டாராமே, வெளியில ஒருதரம் பாத்துரலாம் அக்கான்னு."

கேட்டார். "உங்க வேலையை நீங்க பாருங்க மாஸ்டர்" என்றேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

"உங்க கண்ணுக்கும் சேத்து அவர் பாத்தார். நீங்க அதையே சாட்சியாச் சொன்னீங்க," என்றாள். கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள்.

மார்ச் 31, திங்கள்

முதலாளிக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் வழியாக இல்லை, நேராக.

ஏப்ரல் 3, வியாழன்

காலை பத்து மணி. முதலாளியை ஜன்னலுக்கு அழைத்துப் போய் மாதிரியையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெயில் நேராக விழாத பக்கம், வானத்து வெளிச்சம் மட்டும். அவருக்கு நிறம் பற்றி ஒன்றும் தெரியாது.

"இது ஊதால்ல?" என்றார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு யாராவது பத்து அடி நடந்திருந்தால் போதும். என் பெட்டிக்குள் இருப்பதும் பகல்தான் என்று எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன்.

அறிவிப்புப் பலகையில் போட வேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன். 'தவறு' என்று மேனேஜர் திருத்தியிருந்தார். 'பொய்க் குற்றச்சாட்டு' என்று மறுபடி மாற்றினேன்.

ஏப்ரல் 16, புதன்

மாஸ்டர் திரும்பி வந்தார். விளக்குப் பெட்டி அறை இனி அவருக்கு. நான் பேக்கிங்கில், லாரிகள் நிற்கிற பெரிய கதவுக்குப் பக்கத்தில். சாம்பல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

வழியில் எதிரே வந்தார். "மாஸ்டர்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேறென்ன எதிர்பார்த்தேன்?

ஏப்ரல் 25, வெள்ளி

இடது கண்ணும் முடிந்தது. இப்போது இரண்டும் ஒன்றையே பார்க்கின்றன. அவர் இன்னும் பேசவில்லை.

மே 2, வெள்ளி

பேசவில்லை.

மே 9, வெள்ளி

பதினொரு மணிக்கு எலெக்ட்ரீஷியன் ஓர் உறையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "மாஸ்டர் குடுக்கச் சொன்னார்." உள்ளே மாதிரியும் ஒரு நீலத் துண்டும். சீட்டு எதுவும் இல்லை. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

பெரிய கதவுக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். மேகம் விலகும்வரை நின்று மறுபடி பார்த்தேன். 'பச்சை கொஞ்சம் தூக்கல், அனுப்ப வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறையை எலெக்ட்ரீஷியனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

அந்த நீல லாட்டை ஏற்ற வருவதாக இருந்த லாரி வரவில்லை. மாலையில் அடுக்கி வைக்க வந்த உறைகளில் அதுவும் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து.