ஒரு கிழமைக்குள் திரும்பியவர்கள்

கொட்டாஞ்சேனை,
04.03.2025

அன்புள்ள றமேஷுக்கு,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. ஷெவோனுக்கு மேல்பல் இரண்டு ஒரேயடியாக வருகிறது. இப்போதுதான் கண்ணை மூடினாள். விடிந்தால் விபூதிப் புதன். கொச்சிக்கடைக் கோவிலுக்கு முதல் பூசைக்குப் போகவேண்டுமென்று பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரி கட்டளை போட்டிருக்கிறா. நாங்கள் சுகம். மகள் கதிரைக் காலைப் பிடித்து எழும்பப் பார்க்கிறாள், விழுகிறாள், எங்களைத்தான் முறைக்கிறாள். நீங்களும் அந்தக் குளிர்த் தீவில் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

சுகம் விசாரித்தாயிற்று. இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அங்கே கடல்நாய்களின் முதுகில் கருவி ஒட்டுகிறீர்கள். அது அனுப்பும் சிக்னலை நான் இங்கே பிள்ளை தூங்கும் நேரத்தில் இறக்கி, எந்தக் கடல்நாய் எந்தக் கடலில் இரை தேடுகிறது என்று வரைபடமாக்குகிறேன். கம்பஸில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விலங்கியல் படித்தவர்கள் வேலையை இப்படிப் பங்குபோட்டுக்கொண்டோம் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இன்றைக்கு, நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன விதிகளின்படி, இரண்டு வருஷத் தரவையும் சுத்தம் செய்து படத்தை வரைந்தேன். மெயிலில் படம் உங்களுக்கு ஏறாது, அதனால் சொல்லிலேயே கேளுங்கோ. தீவிலிருந்து வெகுதூரம் தெற்கே, பனிக்கட்டிப் பக்கம், ஒரேயொரு சிவப்புத் திட்டு. மற்ற இடமெல்லாம் வெள்ளை. கடல்நாய்கள் சாப்பிடும் இடம் இதுதான் என்கிறது படம்.

நம்பமுடியவில்லை. கருவி ஒட்டியதில் பாதிக்கு மேல் பால் கொடுக்கிற தாய்கள். ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிப் பார்த்தேன். அந்தச் சிவப்பில் ஒரு தாய்கூட இல்லை. ஒரு இளசுகூட இல்லை. முழுக்க ஆண்கள், கடுவன்கள்!

எங்கே போனார்கள் என்று தேடினால், உங்கள் விதி விழுங்கியிருக்கிறது. ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, குறைந்த பயணம் என்றால் பிழைச் சிக்னல், வெட்டு. தாய் நாலைந்து நாளில் திரும்பிவிடுகிறாள், கரையில் குட்டி பசியோடு கிடக்கிறது. அதனால் அவள் வெட்டு. புறப்பட்ட கரைக்கே திரும்பாத பயணமும் வெட்டு. இளசுகள் கண்ட கண்ட பாறையில் ஏறிப் படுக்கும், அதுகளும் வெட்டு. அவசரமில்லாமல் ஆறுதலாகப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டு, ஆறுதலாக வருகிற கடுவன்கள் மட்டும் உங்கள் விதியில் தப்பியிருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தானே, கடல்நாய்கள் தின்கிற கணவாயைப் பிடிக்க வருகிற படகுகளை எங்கே விடலாமென்று மீன்பிடிக் குழு தீர்மானிக்கப்போகிறது? வெள்ளையாய்க் கிடக்கிற இடமெல்லாம் வலை போடலாம் என்பார்கள். தாய்கள் சாப்பிடுகிற இடம் அந்த வெள்ளைதான்.

திருத்திவிடட்டா? சொல்லுங்கோ.

என்றும் உங்கள்
ரொஷேல்

தீவு முகாம்,
07.03.2025

என் அன்பு ரொஷேல்,

உமது மெயில் கிடைத்தது. ஷெவோனின் பல்லை நினைத்து இரண்டு நாளாகச் சிரிக்கிறேன். இங்கே காற்று ஓய்வதாயில்லை. கூடாரம், சப்பாத்து, நான், எல்லாம் கடல்நாய் மணம். டின்மீனைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது, உமது சம்பலுக்காக உயிரைத் தருவேன்.

விதியைப் பற்றி: அது சும்மா போட்டதில்லை. முதல் வருஷம் ஒரு கருவி கழன்று, கரையோர அலையில் உருண்டு உருண்டு, ஏதோ கடல்நாய் தினமும் கடலுக்குப் போய்வருவதுபோலக் காட்டியது. அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் குறுகிய பயணங்களை எடுத்தேன். தாய்கள் கொஞ்சம் போயிருக்கலாம்தான். ஆனால் பெரிய உடம்பு கடுவன்களுடையது. ஒருத்தன் சாப்பிடுவது நாலு பேர் சாப்பாடு. மீன்பிடிக் குழுவுக்குக் கொடுக்க என்று என் புரொபெசர் ஒரு படம்தான் கேட்டவர், மூன்று இல்லை. பதினேழாம் தேதி திங்கட்கிழமை அவர் கையில் இருக்கவேண்டும்.

நீர் வீட்டில் சும்மாதானே இருக்கிறீர், அந்தப் பழைய விதியோடேயே இன்னொருக்கா ஓட்டி, நிறத்தை மட்டும் கொஞ்சம் வடிவாக்கி அவருக்கு அனுப்பும். குஞ்சுக்கு முத்தம்.

அன்புடன்
றமேஷ்

கொட்டாஞ்சேனை,
08.03.2025

அன்புள்ள றமேஷுக்கு,

“சும்மா.”

மூன்று தரம் வாசித்தேன். கம்பஸில் உங்களை டேய் என்று கூப்பிட்டவள் நான். கலியாணத்துக்குப் பிறகு மரியாதை கொடுத்துப் பழகியிருக்கிறேன், அந்த மரியாதையோடேயே எழுதப் பார்க்கிறேன்.

இன்று சனிக்கிழமை. சும்மா இருக்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் ஷெவோனுக்குப் பால் கொடுத்து, மெற்றில்டா அன்ரியின் கையில் கொடுத்துவிட்டு, பம்பலப்பிட்டிக்கு ஏலெவல் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பிக்க ஓடினேன். பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கினேன். “இஸ்ஸரஹட்ட யன்ன நங்கி” என்று கொண்டக்டர் உள்ளே தள்ளுகிறான், முன்னுக்குப் போக எங்கே இடம்? வகுப்பு முடிகிறபோது நெஞ்சில் பால் கட்டிப்போய்ச் சட்டை நனைந்துவிட்டது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பையனுக்குச் சந்தேகம் தீர்த்தேன். திரும்பி வரக் கொள்ளுப்பிட்டியில் வாகன நெரிசல். என் பிள்ளை அங்கே கத்துகிறாள் என்று இங்கே எனக்குத் தெரிகிறது, பஸ் அசையவில்லை.

வெள்ளவத்தையில் இதைவிட நல்ல வகுப்பொன்று கேட்டார்கள். பம்பலப்பிட்டிக்கு அங்கால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கங்கால் போனால் பால் நேரத்துக்குத் திரும்பமுடியாது. என் கடல் அவ்வளவுதான் றமேஷ். அதற்குள்தான் நான் உழைக்கவேண்டும், சாப்பிடவேண்டும், பால் சுரக்கவேண்டும். அந்த இடத்தில் வேறு யாராவது வந்து வலையைப் போட்டால் நான் எங்கே போவேன்? பனிக்கட்டிப் பக்கமா?

என் முதுகில் ஒரு கருவி ஒட்டியிருந்தால் உங்கள் விதி என்னையும் வெட்டியிருக்கும். போனாள், உடனே வந்தாள், பிழைச் சிக்னல்.

கடுவன் நாலு பேர் சாப்பாடு சாப்பிடுகிறான் என்றீர்களே. சாப்பிடட்டும். அவனுக்குப் பின்னால் யார் காத்திருக்கிறது? அவனுக்கு அங்கே இரை குறைந்தால் இன்னும் தூரம் போவான். தாய்க்குத் தூரம் போக முடியாது. போனால் திரும்பி வரும்போது குட்டி இருக்காது. இளசுக்கு ஆழம் போகத் தெரியாது, மேல்தண்ணீரில் அகப்பட்டதைத்தான் பிடிக்கும். மூன்று பேருக்கும் கடல் ஒன்றில்லை. இதை உங்களுக்கு நானா சொல்லித்தரவேண்டும்?

கழன்ற கருவிக் கதையும் சரிவராது. தாய்களின் கருவி நூறு மீற்றர் ஆழம் போய்வந்ததை எழுதியிருக்கிறது. கரையில் உருளுகிற கருவி நூறு மீற்றர் ஆழம் போகுமா?

நான் மேசையில் அடித்துக் கதைப்பதைக் கேட்டு மெற்றில்டா அன்ரி எட்டிப் பார்த்தா.

“என்ன பிள்ளை, ஆரோட சண்டை?”

“கடல்நாயாலதான் அன்ரி. இவர் தாய்மாரப் படத்தில இருந்து எடுத்துப்போட்டார்.”

“தகப்பன்மார்?”

“அவை இருக்கினம். தூரப் போய் நல்லாச் சாப்பிடுகினம்.”

“அப்ப பிழையில்ல. நம்மட ஆம்பிளையள் மாதிரித்தானே இருக்கு” என்று சிரித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய விதியோடு நான் ஓட்டமாட்டேன்.

ரொஷேல்

தீவு முகாம்,
11.03.2025

ரொஷேல்,

உமது கோபம் சாட்டிலைட்டையே சூடாக்கிவிட்டது. சும்மா என்று எழுதினது என் வாய்க்கொழுப்பு, மன்னியும்.

நேற்றுப் பாறைப் பக்கம் போயிருந்தேன். ஒரு தாய் தண்ணீரிலிருந்து ஏறினாள். அவள் கத்த, நூறு குட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒன்று மட்டும் பதில் கத்திக்கொண்டு ஓடிவந்தது. அவள் மோந்து பார்த்துவிட்டு அப்படியே சரிந்து படுத்தாள். உமது மெயிலை வாசித்தபிறகு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

நீர் சொல்வது சரி. அதுதான் பிரச்சினையே. விதி என்னுடையது என்று புரொபெசருக்குத் தெரியும். கடைசி நேரத்தில் மாற்றினால் இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்பார், என் ஆய்வேடு முழுக்கச் சந்தேகத்துக்குள் வரும். இந்த ஒருமுறை அந்தப் படமே போகட்டும். அடுத்த வருஷக் கட்டுரையில் தாய்களைத் தனியாக எழுதுவோம். உமது பெயரைக் கட்டாயம் நன்றிப் பகுதியில் போடுவேன். நீராகப் புரொபெசருக்கு ஒன்றும் எழுதவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

றமேஷ்

கொட்டாஞ்சேனை,
12.03.2025

அன்புள்ள றமேஷ்,

மன்னித்துவிட்டேன். அந்தத் தாயைப் பற்றி எழுதியதற்காக மன்னித்தேன், மற்றதற்காக இல்லை.

அடுத்த வருஷம் என்கிறீர்கள். இந்த வருஷம் படகு வந்தால், முந்தநாள் நீங்கள் பார்த்த அந்தக் குட்டிக்கு எது அடுத்த வருஷம்? ஓடிவந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படி உங்களுக்கு இதை எழுத மனம் வந்தது?

நன்றிப் பகுதியும் எனக்கு வேண்டாம். சம்பலுக்கு நன்றி சொல்லுங்கோ, வாங்கிக்கொள்கிறேன். இது சம்பல் இல்லை.

படத்தைத் திரும்ப வரைந்துவிட்டேன். பயணத்தின் நீளத்தைப் பார்க்காமல், கருவி ஆழம் போனதா என்று பார்த்துப் பிழைச் சிக்னலைக் கழித்தேன். உருளுகிற கருவி மாட்டும், நீந்துகிற தாய் தப்புவாள். உங்கள் பழைய விதி ஏன் வந்தது, ஏன் மாறியது என்றும் கீழே எழுதியிருக்கிறேன், உங்களைக் குறைத்து ஒரு சொல்லும் இல்லை. வாசித்தால் நீங்களே திருத்தியது போலத்தான் இருக்கும்.

இப்போது மூன்று நிறம். தெற்கே கடுவன்களின் சிவப்பு அப்படியே இருக்கிறது. தீவுக்கு வடக்கே, வெள்ளையாய்க் கிடந்த இடத்தில், தாய்களின் நீலம். நெருக்கமான, சின்ன, அடர்த்தியான நீலம். இளசுகளின் மஞ்சள் எங்கும் சிதறிக் கிடக்கிறது, இன்னும் இடம் தேடுகிறதுகள். பார்த்தவுடன் எனக்கு அழுகை வந்தது. ஷெவோன் திரையைத் தொட்டு அந்த நீலத்தில் எச்சில் விரலைத் தேய்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை இதைப் புரொபெசருக்கு அனுப்புகிறேன். உங்களிடம் மறைத்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களே அனுப்பச் சொன்னதாக அவருக்கு எழுதலாமென்றால் இன்னும் சந்தோசம், வெள்ளி மெயிலில் ஒரு வரி போதும்.

படத்தின் கீழே இரண்டு பெயர் போட்டிருக்கிறேன். உங்களுடையது முதலாவது. அதை எடுக்கவேண்டுமென்றால் சொல்லுங்கோ, எடுத்துவிடுகிறேன். என்னுடையதை எடுக்கமாட்டேன்.

கெதியாய்ப் பதில் போடுங்கோ.

உங்கள்
ரொஷேல்