லீஸ்பெத் அம்மாவின் வலது கால்

கீழ்ப்பிரிவு லயம்,
தெரணியகலை.
11.06.2025, புதன்கிழமை

அன்புள்ள துஷ்யந்தி அப்பாவுக்கு,

மூக்காயி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் நலமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்குக் கூட நிற்காமல், நேற்றுக் காலையில் "டிக்கட்ட மாத்தச் சொல்லிட்டேன், வெள்ளிக்கெழம கெளம்புறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை மூடிவிட்டீர்கள். மூடினால் விட்டுவிடுவேனா? இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் என்னைத் தெரியவில்லையே உங்களுக்கு! எழுதி முடித்ததும் துஷ்யந்தி இதைப் படம் பிடித்து நப்லாவின் போனுக்கு அனுப்புவாள். நம் மாவனல்லைப் பிள்ளை அவள். ஹாலந்துக்குப் படிக்கப் போன இடத்தில் உங்களுக்கு மொழிபெயர்க்க வந்து மாட்டிக்கொண்டாள், பாவம். அவள் இதைத் தாளில் எடுத்து உங்கள் கையில் தருவாள். கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

இங்கே ஐந்து நாளாக விடாத மழை. றப்பர் மரமெல்லாம் நனைந்து கிடக்கிறது, பால் வெட்டு இல்லை. அட்டைக்குத்தான் கொண்டாட்டம். கூரையில் அந்தப் பழைய ஓட்டை மறுபடி ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். துஷ்யந்திக்குச் சோதனை நடக்கிறது. கணக்கு சுமார் என்கிறாள், அப்படியென்றால் மோசம் என்று அர்த்தம். கடை முதலாளியம்மா தினமும் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு "அழகமுத்து டீவியில எப்ப வருவாரு?" என்று சிங்களத்தில் கேட்கிறார். இன்றும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் சொல்லவில்லை, நப்லாதான் சொன்னாள். குளிரில் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துவிட்டதாம். நீங்கள் மண்டபத்தின் பின்னறையில் பழைய பேப்பர்களைக் கூட்டிக் கொளுத்தி, காமன் கூத்துப் பொட்டலில் செய்வது போலத் தப்பைக் காய்ச்சினீர்களாம். சைரன் அலறி, வாசிக்கிற பதினைந்து பேரும் மண்டபத்து ஆட்களும் மழையில் தெருவில் நின்று, தீயணைக்கிற லொறியும் வந்ததாம். பெரிய பெட்டி போன்ற வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டை மனுசன் நனைந்ததைச் சொன்னபோது, கோபிக்காதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துஷ்யந்தி பாயில் உருண்டு சிரித்தாள். அப்புறம்தான் நீங்கள் அங்கே தனியாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பீர்களே என்று நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. தீ காட்டாமல் தப்பைத் தொட்டவன் நம் தோட்டத்தில் உண்டா? உங்களுக்கு எப்படித் தெரியும் அந்த ஊர்க் கூரைக்கு மூக்கு இருக்கிறதென்று?

அதே நாள் பின்னேரம் ஒத்திகையில் மூன்று தரம் தப்பாக நுழைந்தீர்கள் என்றும், ஒருத்தர் வாத்தியத்தைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார் என்றும் சொன்னாள். "அந்தம்மா கை எறங்குறப்ப அடிச்சா நான் முந்திடுறேன், பொறுத்து அடிச்சா பிந்திடுறேன்" என்று நீங்கள் புலம்பினீர்களாம். இதற்காகத்தான் வெள்ளிக்கிழமை கிளம்புகிறீர்கள். சரி, அதற்கு வருகிறேன்.

நேற்று அந்தக் கை காட்டுகிற லீஸ்பெத் அம்மாவே நப்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் முதலில் கேட்டது "உங்க வீட்டுல மழையா?" என்று. எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் மாசியில், மேல் பங்களாவில் தங்க வந்தவர் தப்புச் சத்தம் கேட்டு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு காமன் பொட்டலுக்கு இறங்கி வந்து என் பாயில் உட்கார்ந்தார் அல்லவா, அதே குரல். அவருக்கு என்ன வேலை என்று அன்றைக்கு உங்களைக் கேட்டேன். எல்லாரும் வாசிப்பாங்க, அவங்க முன்னால நின்னு கை காட்டுவாங்க என்றீர்கள். அப்ப கங்காணிதானே என்று சொன்னேன். அது பிழை என்று நேற்றுத்தான் புரிந்தது.

அவர் கதையைக் கேளுங்கள். அவருடைய அப்பா பால் வண்டி ஓட்டியவராம். தேவாலயத்தில் கிடந்த பழைய பியானோவில் தானாகத் தட்டித் தட்டிப் படித்து, பத்தொன்பது வயதில் பெரிய போட்டியில் ஜெயித்திருக்கிறார். எல்லா ஊரிலும் கூப்பிட்டார்களாம், செத்துப் போன மேதைகளின் பாட்டை வாசிக்க. ஒரு நாள் அவர் வயதுப் பையன் ஒருவன் புதிதாக எழுதிய பாட்டை வாசித்தபோது பாதிச் சனம் எழுந்து போய்விட்டது. மிச்சப் பாதிக்கு வாசித்து முடித்தாராம். "செத்தவங்களுக்கு வாசிக்க ஆயிரம் பேர் இருக்காங்க, உசிரோட எழுதுறவங்களுக்கு யார் இருக்கா?" என்று நினைத்து, அன்றிலிருந்து இந்தக் காலத்துப் பாட்டுகளையே எடுத்துக்கொண்டார்.

கை காட்டுகிற வேலைக்கு வந்ததும் தற்செயல்தான். ஒரு கச்சேரிக்கு வர வேண்டிய பெரியவரின் ரயில் பனியில் நின்றுவிட்டது. இவர் பியானோவில் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் மற்றவர்களை நடத்தினாராம். ஒரு கையால் தாளிதம் போட்டுக்கொண்டு மறு கையால் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி. அதை நம் லயத்தில் எல்லாப் பொம்பிளையும் செய்கிறாள், ஆனால் யாரும் கை தட்டுவதில்லை.

முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு பெரிய குழுவை நடத்தக் கூப்பிட்டார்கள். எண்ணூறு பேர் முன்னால், புதுப் பாட்டின் நடுவில், கணக்கு தவறிவிட்டது. எண்பது வாத்தியமும் எட்டுத் திசையில் போகிறது. என்ன செய்தார் தெரியுமா? நிறுத்தினார். சனத்தின் பக்கம் திரும்பி, பிழை என்னுடையது, முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார். தொடங்கினார், முடித்தார். மறுநாள் பேப்பரில் கிழித்துவிட்டார்களாம். பல வருஷம் பெரிய குழு எதுவும் கூப்பிடவில்லை. அவர் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு உலகமெல்லாம் போகிற இந்தக் குழு. "அன்னைக்கு நான் மேடைய விட்டு எறங்கி ஓடியிருந்தா உங்க வீட்டுக்காரர நான் பார்த்தே இருக்க மாட்டேன்" என்றார். உங்களை நிறுத்தி வைக்கச் சொல்லி என்னைக் கெஞ்சவில்லை. நீங்கள் போக விரும்பினால் தானே விமான நிலையத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று. நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையோடு அவர் இந்தக் குழுவை இளையவர்கள் கையில் கொடுக்கிறார். இடது கையில் ஒரு விரல் சரியாக மடங்குவதில்லையாம். கடைசிக் கச்சேரிக்கு எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். உங்கள் தப்பில் தொடங்குகிற பாட்டை எடுத்தார்.

இப்போது கைக்கு வருகிறேன். நப்லா அனுப்பிய ஒத்திகை வீடியோவை நானும் துஷ்யந்தியும் பதினைந்து தரம் பார்த்தோம். அவள் பின் கதிரையிலிருந்து எடுத்ததால் அந்த அம்மாவின் முதுகும் காலும்தான் தெரிகிறது. நானும் கையைப் பார்த்துத் தலை சுற்றிப் போனேன். கை முந்திப் போகிறது, சத்தம் பிறகு வருகிறது. அங்கே எல்லாருக்கும் அது பழக்கம். உங்களுக்கு என்ன பழக்கம்? ரதியும் மதனும் ஆடும்போது நீங்கள் கையையா பார்க்கிறீர்கள்? முகத்தையா? காலைத்தானே! கால் விழும் இடத்தில் குச்சி விழும். அதனால் நானும் அந்த அம்மாவின் காலைப் பார்த்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், வலது குதிகால் தரையில் அப்படியே இருக்கிறது, விரல் பக்கம் மட்டும் தூக்கித் தூக்கி இறங்குகிறது. சத்தம் விழுகிற அதே இடத்தில் இறங்குகிறது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. துஷ்யந்தியைக் கரண்டியால் சட்டியில் தட்டச் சொல்லிப் பார்த்தேன், பொட்டாகப் பொருந்தியது.

இதை நேற்றே போனில் சொன்னேன். நப்லா அதை மொழிபெயர்த்தாள். பிறகு அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பியானோவின் கீழே தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி உண்டாம், சின்ன வயதிலிருந்து அதை மிதித்த கால் பியானோ இல்லாத இடத்திலும் மிதிக்கிறது. அது அவருக்கே தெரியாது. "முப்பது வருசமா எல்லாரும் என் கையத்தான் பார்த்தாங்க" என்றார். இன்றைக்கு அவர் உங்கள் முன்னால் இருக்கும் தாள் பலகையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டாராம். உங்களுக்குப் பாட்டுத் தாள் எதற்கு? நீங்கள் காலைப் பாருங்கள்.

தீக்கும் வழி செய்துவிட்டார். பின் முற்றத்தில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார். நீங்கள் தப்பைக் காய்ச்சி முடிக்கும் வரை தீயணைக்கிற ஆள் ஒருத்தர் வாளியோடு பக்கத்தில் நிற்பாராம், உங்களுக்கென்றே. நம் தோட்டத்துத் துரைக்குக் கூட இப்படி ஒரு ஆள் நின்றதில்லை.

இனி நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல முடியாது. பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்தபோது, தப்படிக்கிறவன் மகள் என்று பள்ளியில் யாரோ சொல்லி அவள் அழுதுகொண்டு வந்த நாளில், நான்தான் தப்பைப் பரணில் போடச் சொன்னேன். நீங்கள் அன்றைக்கே போட்டீர்கள். நாலு வருஷம் அது மேலே கிடந்தது. சாமிக்கும் சாவுக்கும் இரவல் தப்பு வாங்கி அடித்தீர்கள். அதைப் பற்றி நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். இன்றைக்குத் துஷ்யந்தி பள்ளியில் யார் கேட்டாலும் "எங்கப்பா ஹாலந்துல தப்படிக்கிறாரு" என்று தானே சொல்லித் திரிகிறாள். அவளும் ஒன்று எழுதச் சொன்னாள்: "அப்பா, ஓடி வந்துறாதீங்க."

உங்கள் டிக்கட்டை என்ன செய்வதென்று நீங்களே முடிவு எடுங்கள். வந்தால் கதவைச் சாத்த மாட்டேன், சோறு இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்று மணி, இங்கே ஆறரை. தோட்டத் தலைவரிடம் சொல்லி, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெரிய டீவி வைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. லயத்துச் சனம் முழுக்க வரும், கடை முதலாளியம்மாவும் வருகிறார்.

பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று நப்லா சொன்னாள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட உங்கள் அப்பா அடித்த பிரட்டுத் தப்பு, அதே ஏழு அடி. அதுவரை பதினைந்து பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். எனக்கு அந்த அடி நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்டால் எங்கள் அம்மா வாயில் இருந்த ரொட்டியை விழுங்கக் கூட நேரமில்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுவார். அந்த மாரியம்மன் உங்கள் கைக்கும் அந்த அம்மாவின் காலுக்கும் துணை இருக்கட்டும். உங்கள் அப்பா அடித்தபோது நாங்கள் எழுந்து ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அடியுங்கள், நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி,
மூக்காயி